தொலைகாட்டிக்குக் கண் மட்டும் போதுமா?

வானத்தை அண்ணாந்து நோக்கி வியவாத குழந்தை உலகில் இல்லை எனலாம். நிலவில் தெரியும் கறுப்பு யாது, அந்தச் சிவந்த வெள்ளி மட்டும் ஏன் மினுங்கவில்லை என்று கேட்கத் தொடங்கும் பிள்ளைக்குப் பெற்றோர் தமக்குத் தெரிந்த விடையைக் கூறுகின்றனர். ஆயினும் பிள்ளையின் ஆவல் அடங்குவதில்லை. ஈற்றில், பிறந்த நாளுக்கோ பரீட்சையில் சித்தியெய்தியமைக்கோ பரிசாக ஒரு தொலைகாட்டி வீடு வந்து சேர்கின்றது. பெட்டியின் மேல் சனிக் கிரகத்தின் அழகிய வண்ணப்படம். அதன் அருகே, ஐந்நூறு மடங்கு பெருப்பித்துக் காட்டும் என்னும் கொட்டை எழுத்து.

அன்றிரவே குடும்பம் முழுவதும் முற்றத்திற் கூடுகின்றது. குழாய் நிலவை நோக்கித் திருப்பப்படுகின்றது. நிலவு அகப்படுகின்றது, ஆனால் நீரில் விழுந்த நிழல் போல நடுங்குகின்றது. தெளிவாக்க வேண்டித் திருகியைத் தொட்டால் இன்னும் அதிகமாகத் துள்ளுகின்றது. தம்பி பார்த்து முடித்துத் தங்கையை அழைப்பதற்குள் நிலவு காட்சியை விட்டே ஓடிவிடுகின்றது. இவ்வாறு மூன்று இரவுகள் கழிந்ததும் தொலைகாட்டி அலுமாரியின் மேல் ஏறிவிடுகின்றது. வானசாஸ்திரம் நமக்கு வராது என்னும் எண்ணம் பிள்ளையின் மனத்தில் இறங்கிவிடுகின்றது. பணம் வீணானதைக் காட்டிலும் இதுவே பெரிய நட்டம்.

இங்கே குற்றம் யாருடையது? பிள்ளையுடையதன்று. பெரும்பாலும் வில்லையுடையதும் அன்று. குற்றம் குழாயைத் தாங்கி நிற்கும் காலிலும், அதைத் திருப்பும் அச்சிலுமே உள்ளது. தொலைகாட்டியின் கண்ணைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன் கழுத்தையும் காலையும் பற்றிப் பேசுவோர் சிலரே. எனவே, தொலைகாட்டித் தாங்கிகள் எத்தனை வகைப்படும், அவை எவ்வாறு இயங்குகின்றன, இலங்கையில் வாழும் நமக்கு அவற்றுள் ஏற்றது எது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இரண்டு பகைகள்

தாங்கி எதிர்த்து நிற்க வேண்டிய பகைகள் இரண்டு. ஒன்று நடுக்கம், மற்றது பூமியின் சுழற்சி.

தொலைகாட்டி நிலவை மட்டும் பெருப்பிப்பதில்லை. நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெருப்பிக்கின்றது. நூறு மடங்கு பெருப்பிக்கும் கருவியில், குழாய் மயிரிழை அசைந்தாலும் கண்ணுக்கு அது நூறு மடங்காகத் தோன்றும். இவ்வுண்மையை முதலில் உணர்ந்தவர்களுள் கலிலியோவும் ஒருவர். 1610ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், வியாழனின் துணைக்கோள்களைக் கண்ட அதே நாட்களில் எழுதிய கடிதமொன்றில், நாடித் துடிப்பும் மூச்சும் கையை அசைப்பதால் குழாயை உறுதியான ஓரிடத்திற் பொருத்திக்கொள்வதே நன்று என்று அவர் அறிவுறுத்தியிருக்கின்றார். அவருடைய கருவி பெருப்பித்ததோ ஏறக்குறைய இருபது மடங்கு மட்டுமே.

இனி இரண்டாவது பகையைக் காண்போம். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 செக்கன் செல்கின்றது. ஆகவே, விண்மீன்கள் மணிக்கு ஏறக்குறைய 15 பாகை வீதம், அஃதாவது நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம், கிழக்கிலிருந்து மேற்கே நகர்வனபோலத் தோன்றுகின்றன. நிலவின் விட்டம் அரைப் பாகை. நூறு மடங்கு பெருப்பிக்கும் சாதாரணக் கண்வில்லை ஒன்றில் நமக்குத் தெரியும் வானமும் ஏறக்குறைய அந்த அரைப் பாகையே. எனவே, ஒரு விளிம்பில் நுழையும் விண்மீன் இரண்டே நிமிடங்களில் மறு விளிம்பால் வெளியேறிவிடும். நிலவு ஓடிவிட்டது என்று பிள்ளைகள் கூறுவது பொய்யன்று. ஓடுவது நாம் நிற்கும் பூமி என்பது மட்டுமே வேறுபாடு.

ஆகவே, நல்ல தாங்கி அசையாமல் நிற்கவும் வேண்டும். வேண்டியபோது மெல்ல அசைந்து கொடுக்கவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு பண்புகளையும் ஒரே பொருளில் அமைக்க முயன்றதன் வரலாறே தாங்கிகளின் வரலாறு.

பீரங்கியைப் போல ஒரு தாங்கி

பழைய கோட்டைகளின் கொத்தளத்தில் பீரங்கியைப் பார்த்தவர்களுக்கு முதல் வகையை விளக்குதல் எளிது. பீரங்கியின் அடிப்பாகம் இடமும் வலமும் திரும்பும். வாய் மேலும் கீழும் ஏறி இறங்கும். இவ்விரு அசைவுகளாலும் எத்திசையையும் குறிவைக்கலாம். இத்தகைய தாங்கியை ஆங்கிலத்தில் 'அல்ட்-அசிமத்' என்பர். நாம் இதைக் கிடைத் தாங்கி என்று வழங்குவோம். இதன் ஓர் அச்சு நிலத்துக்குச் செங்குத்தாகவும், மற்றையது கிடையாகவும் அமைந்திருக்கும். புகைப்படக்காரரின் முக்காலியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இவ்வகைத் தாங்கியின் பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே காட்டுவது வில்லியம் ஹேர்ஷலின் அனுபவம். இங்கிலாந்தில் வாழ்ந்த அவர், 1789ஆம் ஆண்டில் சுலோ என்னும் ஊரில் 40 அடி நீளமான தொலைகாட்டி ஒன்றை அமைத்து முடித்தார். அதன் ஆடியின் விட்டம் 4 அடி. மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் அதற்கு 4,000 பவுண் வழங்கினார். வட்டமான பாதையில் உருளைகள்மேல் திரும்பும் பெரிய மரச் சட்டகத்தில் அக்குழாய் கயிறுகளால் தொங்கவிடப்பட்டிருந்தது. அதைத் திருப்புவதற்கு வேலையாட்கள் வேண்டியிருந்தனர்.

அக்காலத்தில் உலகிலேயே பெரிய தொலைகாட்டி அதுவே. ஆயினும் ஹேர்ஷல் பெரும்பாலும் பயன்படுத்தியது அதனினும் சிறிய 20 அடிக் கருவியையே. அவருக்கு அழியாப் புகழ் தேடித்தந்த யுரேனஸ் கிரகத்தை 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் கண்டுபிடித்ததோ, 6 அங்குலத்துக்குச் சற்றே கூடிய ஆடியுள்ள 7 அடிக் குழாய் ஒன்றினால். கையாள முடியாத பெரிய கண்ணைவிட, சொன்னபடி திரும்பும் சிறிய கண் அதிகம் காணும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கிடைத் தாங்கியின் குறை யாதெனில், விண்மீன் பொதுவாகச் சரிவான பாதையில் நகர்கின்றது. தாங்கியோ நேராக மேலும் கீழும், நேராக இடமும் வலமும் மட்டுமே நகரும். ஆகவே, ஒரு விண்மீனைத் தொடர்வதற்கு இரண்டு அச்சுக்களையும் மாறி மாறித் தள்ளவேண்டும்.

வானத்தோடு சுழலும் அச்சு

இக்குறையை நீக்கவே இரண்டாவது வகை தோன்றிற்று. வானம் எந்த அச்சைச் சுற்றிச் சுழல்வது போலத் தோன்றுகின்றதோ, அதற்குச் சமாந்தரமாகத் தாங்கியின் ஓர் அச்சையும் சாய்த்துவிட்டால் என்ன? அவ்வாறு செய்தால் ஓரச்சை மட்டும் மணிக்கு 15 பாகை வீதம் திருப்பினால் போதும். விண்மீன் காட்சியின் நடுவிலேயே நிற்கும். ஆங்கிலத்தில் 'ஈக்குவற்றோரியல்' எனப்படும் இதனை நாம் துருவத் தாங்கி என்போம். சூரியனின் கறைகளை ஆராய்ந்த கிறிஸ்தோபர் ஷைனர் என்னும் பாதிரியார் 17ஆம் நூற்றாண்டிலேயே இவ்வாறு சாய்ந்த அச்சுள்ள கருவியைப் பயன்படுத்தினார்.

எனினும், இதனைச் செம்மையாக்கிய பெருமை ஜேர்மனியரான ஜோசப் பிரௌன்ஹோவருக்கே உரியது. 1824ஆம் ஆண்டில் டோர்பாற் நகருக்கு, அஃதாவது இன்றைய எஸ்தோனியாவின் டார்ட்டு நகருக்கு, அவர் செய்தளித்த தொலைகாட்டியின் வில்லை 24 சதமமீற்றர் விட்டமுடையது. துருவத்தை நோக்கிச் சாய்ந்த அச்சின் தலையில் இன்னோர் அச்சைக் குறுக்கே பொருத்தி, அதன் ஒரு முனையில் குழாயையும் மறு முனையில் அதனைச் சமன்செய்யும் பாரத்தையும் அவர் வைத்தார். தராசின் இரு தட்டுக்கள் போல இரண்டும் ஒத்து நிற்கும். பாரம் ஒன்று கீழிறங்க, அதனால் ஓடும் மணிக்கூட்டுப் பொறி அச்சை மெல்லத் திருப்பும். பார்ப்பவரின் இரு கைகளும் எழுதுவதற்கும் அளப்பதற்கும் விடுதலை பெற்றன. அக்கருவியைக் கொண்டு ஸ்ட்ரூவ என்னும் வானியலறிஞர் ஏறக்குறைய 120,000 விண்மீன்களைப் பரிசோதித்து, அவற்றுள் 3,112 இரட்டை விண்மீன்களைப் பட்டியலாக 1827இல் வெளியிட்டார். ஒவ்வொரு விண்மீனையும் கையால் துரத்திக்கொண்டிருந்தால் இவ்வேலை எளிதில் நிறைவேறியிராது.

இன்றும் கடைகளில் விற்கும் துருவத் தாங்கிகளுட் பெரும்பாலானவை பிரௌன்ஹோவரின் அமைப்பையே பின்பற்றுவன. அதனால் இவ்வகைக்கு ஜேர்மன் தாங்கி என்றும் பெயர். குழாயைக் கவைக்கோலின் இரு கிளைகளுக்கு நடுவே பிடித்து, சமன்செய்யும் பாரம் வேண்டாதபடி அமைத்த கவைத் தாங்கி இன்னொரு வகை. கலிபோர்ணியாவில் பலோமார் மலையில் 1948ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட 200 அங்குலத் தொலைகாட்டியின் தாங்கியோ குதிரை இலாடம் போன்ற வடிவினது. ஏறக்குறைய 500 தொன் நிறையுள்ள அசையும் பகுதி மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து திரும்புகின்றது.

நமது வானம் வேறு

நிற்க. தொலைகாட்டியோடு வரும் கைநூல்களுட் பல, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ளோரை எண்ணி எழுதப்பட்டவை. துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைத் திருப்புக என்று அவை எளிதாகக் கூறிவிடும். ஓரிடத்தின் அகலக்கோடு எத்தனை பாகையோ, துருவ நட்சத்திரமும் தொடுவானத்துக்கு மேல் ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில் நிற்கும். இலண்டனில் அது 51 பாகைக்கு மேல். யாழ்ப்பாணத்திலோ 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. கொழும்பில் ஏழு பாகை. ஒளிமிக்கதல்லாத அந்த விண்மீன் நமது பனைகளுக்கும் தென்னைகளுக்கும் கூரைகளுக்கும் பின்னால், தொடுவானத்துப் புகாரில் மறைந்து கிடக்கின்றது. அதைக் கண்டு அச்சை நேராக்குதல் பல வீடுகளில் இயலாத காரியம்.

இன்னுமொரு தொல்லை உண்டு. குளிர் நாட்டவரின் முற்றத்தில் நிமிர்ந்து நிற்கும் துருவ அச்சு, நமது நாட்டில் ஏறக்குறையப் படுத்துவிட வேண்டியிருக்கின்றது. சில தாங்கிகளின் சாய்வு 15 அல்லது 20 பாகைக்குக் கீழே இறங்குவதேயில்லை. இறங்கினாலும், சமன்செய்யும் பாரம் கீழே வரும்போது முக்காலியின் வடக்குக் காலில் மோதுவதுண்டு. அவ்வாறாயின், வடதிசையில் ஒரு காலை நிறுத்தாமல், இரு கால்களுக்கு இடைப்பட்ட வெளி வடக்கை நோக்குமாறு முக்காலியைத் திருப்பிக்கொள்ளலாம்.

ஆனால், நமது வானம் நமக்குச் செய்யும் உபகாரமும் பெரிது. இங்கே கிழக்கில் உதிக்கும் விண்மீன்கள் சரிந்து ஏறாமல் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுகின்றன. மேற்கே செங்குத்தாகவே இறங்குகின்றன. எனவே, கிழக்கையோ மேற்கையோ நோக்கும்போது கிடைத் தாங்கியின் ஓர் அச்சை மட்டும் அசைத்தாலே விண்மீனைத் தொடரலாம். இலண்டன்வாசிக்கு இரு கைகளும் வேண்டியிருக்கும் வேலையை நாம் ஒரு கையால் முடிக்கலாம். மேலும், கிரகங்கள் நமது தலைக்கு அண்மையாகச் செல்வதனால் அவற்றின் ஒளி குறைந்த அளவு காற்றையே ஊடுருவி வருகின்றது. காட்சி தெளிவாக அமைகின்றது.

இந்த உபகாரத்தை நன்கு அனுபவித்தவர் பேர்சி மோல்ஸ்வேர்த் என்பவர். 1867இல் கொழும்பிற் பிறந்து, பிரித்தானிய இராணுவப் பொறியியற் படையிற் சேவை புரிந்த அவருக்கு வானசாஸ்திரம் தொழிலன்று, பொழுதுபோக்கே. திருகோணமலையிலிருந்து 12½ அங்குல ஆடித் தொலைகாட்டியினால் வியாழனையும் செவ்வாயையும் இரவிரவாக ஆராய்ந்தார். 1901ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் வியாழனின் தென்பகுதியில் தோன்றிய பெரியதொரு குழப்பத்தை அவர் கண்டறிந்தார். அது பல்லாண்டுகள் நீடித்தது. 1908இல் அவர் மறைந்தார். இன்று செவ்வாயில் அவருடைய பெயரைத் தாங்கிய குழி ஒன்று உள்ளது. இந்நாட்டு வானத்தின் கீழ் அமர்ந்து ஒரு பொழுதுபோக்காளரும் உலகறியச் செயல் புரியலாம் என்பதற்கு அவர் சாட்சி.

ஒரு துறவியின் பெட்டி

இனி, வீட்டுத் தொலைகாட்டியின் கதையையே மாற்றியமைத்த ஒருவரைப் பற்றிக் கூறுவோம். ஜோன் டொப்சன் என்னும் அவர் 1915இல் சீனாவின் பீக்கிங் நகரிற் பிறந்தவர், இரசாயனம் கற்றவர். 1944ஆம் ஆண்டில் சன் பிரான்சிஸ்கோவிலுள்ள வேதாந்த சங்கத்தின் மடத்திற் சேர்ந்து துறவியானார். மட வாழ்க்கையில் கையிற் பணம் ஏது? கப்பற் சாளரத்தின் பழைய தடித்த கண்ணாடியைத் தேய்த்து 12 அங்குல ஆடி ஒன்றை 1956இல் செய்துகொண்டார். அதனூடாக நிலவைக் கண்டதும், இதனை உலகிலுள்ள ஒவ்வொருவரும் காணவேண்டும் என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது.

அவ்வளவு பெரிய ஆடிக்குத் துருவத் தாங்கி செய்வதாயின் இரும்பும் பற்சில்லும் பெரும் பணமும் வேண்டும். டொப்சன் அவற்றை ஒதுக்கிவிட்டுப் பீரங்கியின் தத்துவத்துக்கே திரும்பினார். தடித்த அட்டைக்குழாய் ஒன்று. அதன் இரு பக்கங்களிலும் வட்டமான இரு காதுகள். அக்காதுகள் அமர்ந்து சுழல்வதற்கு மேற்பக்கம் வளைவாக வெட்டிய ஒட்டுப்பலகைப் பெட்டி. அப்பெட்டி திரும்புவதற்கு நிலத்தில் ஒரு வட்டப்பலகை. அமைப்பு முழுவதும் இவ்வளவே.

இதன் நுட்பம் உராய்விலேயே தங்கியிருக்கின்றது. ஒட்டாத சட்டிகளுக்குப் பூசப்படும் தெப்லோன் என்னும் பொருளை, போர்மைக்கா போன்ற தகட்டின்மேல் சறுக்கவிட்டால், அசையத் தொடங்குவதற்கு வேண்டிய விசையும் அசைந்துகொண்டிருப்பதற்கு வேண்டிய விசையும் ஏறக்குறையச் சமமாயிருக்கும். எனவே, விரலால் தள்ளினால் திடுக்கென்று துள்ளாமல் வழுக்கிச் செல்லும். விரலை எடுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். பூட்டும் வேண்டாம், திருகாணியும் வேண்டாம். பாரமான ஆடி குழாயின் அடியில் இருப்பதால் முழுக் கருவியும் நிலத்தோடு ஒட்டி அமர்ந்திருக்கும். நெட்டைக் கால்கள் இல்லாததால் நடுக்கமும் இல்லை.

டொப்சன் இரவுகளில் தெருவுக்குத் தொலைகாட்டியைத் தள்ளிச் சென்று, வழிப்போக்கருக்கும் சிறுவருக்கும் வானத்தைக் காட்டத் தொடங்கினார். இதனால் மடத்துக் கடமைகளை விட்டு அடிக்கடி வெளியே சென்றார் என்னும் காரணத்தால் 1967இல் அவர் மடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. அடுத்த ஆண்டே நண்பர்கள் சிலருடன் தெருவோர வானியலாளர் கழகத்தைத் தொடக்கினார். தமது அமைப்புக்கு அவர் உரிமைச் சாசனம் எடுக்கவில்லை. எவரும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். 2014ஆம் ஆண்டு தமது 98ஆவது வயதில் அவர் காலமானபோது, 'டொப்சோனியன்' என்னும் சொல் உலகெங்கும் தொலைகாட்டிக் கடைகளில் வழங்கிற்று.

இப்பெட்டிக்கும் ஒரு குறையுண்டு. நேர் உச்சியிலுள்ள பொருளைத் தொடர்வது அதற்குக் கடினம்; சிறிது நகர்வதற்கும் முழுப்பெட்டியையும் சுற்றவேண்டியிருக்கும். ஒறையன் முதலிய கூட்டங்கள் நமது உச்சிக்கு அண்மையாகச் செல்வதனால் இத்தொல்லையை நாம் அடிக்கடி சந்திப்போம். மருந்து எளிது. ஒரு மணி நேரம் பொறுத்தால் பொருள் 15 பாகை மேற்கே சாய்ந்துவிடும். அதன்பின் தாராளமாகப் பார்க்கலாம்.

படம் பிடிப்போர் கவனத்துக்கு

கிடைத் தாங்கிக்கு இத்துணைச் சிறப்பிருப்பின், துருவத் தாங்கி எதற்கு என்று கேட்கலாம். படம் பிடிப்பதற்கு என்பதே விடை. கண் ஒரு கணத்திற் காண்கின்றது. மங்கலான ஒண்முகிலைப் பதிவதற்குக் கமராவோ நிமிடக்கணக்கில் விழித்திருக்க வேண்டும். அந்நேரத்தில் வானம் நகர்வது மட்டுமன்றி, ஒரு சக்கரம் போலச் சுழலவும் செய்கின்றது. கிடைத் தாங்கி பொருளை நடுவில் நிறுத்திவைத்தாலும் சுற்றியுள்ள விண்மீன்கள் வளைகோடுகளாகப் பதியும். துருவத் தாங்கியில் கமராவும் வானத்தோடு சேர்ந்தே சுழல்வதால் இந்தக் குறை நேர்வதில்லை.

துருவ நட்சத்திரம் தெரியாத முற்றத்தில் அச்சை நேராக்குவதற்கு வழியுண்டு. முதலில் திசையறிகருவியால் வடக்கை நிச்சயித்து, அச்சின் சாய்வை ஊரின் அகலக்கோட்டுக்குச் சமமாக்குக. காந்த ஊசி காட்டும் வடக்கும் மெய்யான வடக்கும் இலங்கையிற் சில பாகைகளே வேறுபடுவதால், கண்ணாற் பார்ப்பதற்கு இதுவே போதும். தூக்குநூலின் நண்பகல் நிழலும் வடக்குத் தெற்கைக் காட்டும். ஆயின் சூரியன் உச்சியில் வரும் ஏப்ரில் முற்பகுதியிலும் ஆகத்து இறுதியிலும் அந்நிழல் மிகக் குறுகி உதவாது போகும்.

படம் பிடிப்பதற்கு இன்னும் நுட்பம் வேண்டும். ஒறையனின் இடைப்பட்டி போல, கிழக்கு மேற்கு நடுக்கோட்டை ஒட்டிச் செல்லும் விண்மீன் ஒன்று உச்சியை அண்மிக்கும்போது அதனை நோக்குக. அது மெல்லத் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கின்றது. வடக்கே நழுவினால் மேற்கே விலகியிருக்கின்றது. பின்னர், அதே கோட்டில் கிழக்கே எழும் விண்மீன் ஒன்றை நோக்குக. தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கின்றது; வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கின்றது. இவ்வாறு திருத்தித் திருத்தி வந்தால் துருவ நட்சத்திரத்தைக் காணாமலே அச்சு நேராகிவிடும்.

பெருஞ் செலவின்றி இத்தத்துவத்தைச் சோதிக்க விரும்பும் மாணவர் ஒரு சிறு கருவியைச் செய்யலாம். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹெய்க் 1975இல் விளக்கிய அமைப்பு அது. இரு பலகைகளைக் கதவுப் பிணைச்சலாற் பொருத்தி, பிணைச்சலின் அச்சு துருவத்தை நோக்குமாறு வைக்கவேண்டும். பிணைச்சலிலிருந்து ஏறக்குறைய 229 மில்லிமீற்றர் தூரத்தில், ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீற்றர் ஏறும் திருகாணியைப் பூட்டி, நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றினால் மேற்பலகை வானத்தின் வேகத்திலேயே திறக்கும். அதன்மேல் கமராவை வைத்துச் சில நிமிடங்கள் விழிக்கவிட்டால், விண்மீன்கள் கோடாகாமல் புள்ளிகளாகவே பதியும்.

கணினி வந்தபின் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. இரு அச்சுக்களையும் வேண்டிய வேகத்தில் ஒருங்கே திருப்பும் கணக்கைப் பொறியே செய்வதனால், பெருந் தொலைகாட்டிகளெல்லாம் கிடைத் தாங்கிக்கே திரும்பிவிட்டன. 1975இல் முதலொளி கண்ட சோவியத் நாட்டின் 6 மீற்றர் தொலைகாட்டி இதற்கு வழிகாட்டிற்று. ஹவாயிலுள்ள 10 மீற்றர் கெக் தொலைகாட்டிகளும், சில்லியிலுள்ள 8.2 மீற்றர் தொலைகாட்டிகள் நான்கும் அவ்வகையினவே. படம் சுழல்வதைத் தடுக்கக் கமராவைத் தனியே சுழற்றும் பொறியும் அவற்றில் உண்டு. வீட்டுக்கேற்ற சிறு கணினித் தாங்கிகளும் இன்று கிடைக்கின்றன. பொருளின் பெயரைத் தெரிவுசெய்தால் தாமே திரும்பி நிற்கும். வசதியே, ஆயினும் பணத்தின் பெரும்பகுதி பொறிக்குச் சென்று, கண் சிறுத்துவிடாமற் பார்த்துக்கொள்வது வாங்குவோரின் கடமை.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை

தொலைகாட்டி வாங்கச் செல்வோர் பெருப்பத்தின் அளவைக் கேட்பதை விடுத்து, குழாயின் மேல் விரலால் மெல்லத் தட்டிப் பார்ப்பாராக. தட்டியபின் காட்சியின் நடுக்கம் ஓரிரு செக்கன்களில் அடங்கினால் தாங்கி நல்லது. ஐந்தாறு செக்கன்கள் ஆடினால், அதன் வில்லை எவ்வளவு சிறந்ததாயினும் அதனை வாங்காதிருத்தல் நலம். மெல்லிய அலுமினியக் கால்களின்மேல், பற்பல திருகிகளோடு பார்ப்பதற்குக் கம்பீரமாக நிற்கும் மலிவான துருவத் தாங்கியிலும், பலகைப் பெட்டியில் அடக்கமாக அமர்ந்திருக்கும் டொப்சோனியன் குடும்பத்துக்கு உகந்தது. 6 அங்குல ஆடியுள்ள ஒன்று கிடைக்குமாயின், சனியின் வளையமும் வியாழனின் பட்டிகளும் ஒறையனின் ஒண்முகிலும் நன்றாகத் தெரியும். நிலவுக்கும் கிரகங்களுக்கும் மாத்திரம் சிறிய குழாய் போதும் என்போர், உறுதியான முக்காலியில் எளிய கிடைத் தாங்கியைத் தெரிவுசெய்யலாம். படம் பிடிப்பதே நோக்கமெனின் துருவத் தாங்கி வேண்டும். அப்பொழுதும் அதன் சாய்வு நமது அகலக்கோட்டுக்கு இறங்குமா என்று முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே நடுங்கும் கருவி இருப்பின் அதனையும் ஓரளவு திருத்தலாம். முக்காலியின் கால்களை நீட்டாமல், கதிரையில் இருந்தபடி பார்க்குமாறு தாழ்த்துக. நடுவில் மணல் நிரப்பிய பையையோ நீர் நிறைந்த போத்தலையோ கட்டித் தொங்கவிடுக. மாடிப் பலகைத் தளத்தை விட்டு நிலத்தில் நிறுத்துக. குறைந்த பெருப்பமுள்ள கண்வில்லையையே முதலிற் பயன்படுத்துக. குழாயை மறந்தும் சூரியனை நோக்கித் திருப்பலாகாது என்பதையும், சிறுவர் பகலில் அதனோடு தனியே விளையாடலாகாது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஒரு கணத்தில் கண் பறிபோய்விடும்.

இவ்வளவும் செய்தபின், அலுமாரியின் மேலுள்ள அக்குழாயை இறக்கித் தூசு தட்டி, வளர்பிறையின் ஏழாம் எட்டாம் நாள்களில் மாலையில் முற்றத்தில் வைத்துப் பார்க்கலாம். அரை நிலவின் ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லையில் மலைகளின் நிழல் நீண்டு கிடக்கும் காலம் அதுவே. காட்சி அசையாது நின்றால், அடுத்து என்ன பார்ப்பது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.